குழந்தைவேலு தேர்ந்தெடுத்த புத்தகம்

செய்தி ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. காலையில் இரண்டாவது வகுப்பு. கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபித்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று சீட்டை நீட்டினார். "பனியன் கம்பெனியிலிருந்து போன். உங்கள் சிநேகிதர் குழந்தைவேலு காலமாகிவிட்டார். உடனே வரவும்." படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நிரூபணத்தில் இன்னும் ஏழெட்டு வரி பாக்கி இருந்தது. அதை எழுதி முடித்தேன். ஒரு மாணவர் சந்தேகம் கேட்டார், பதில் சொன்னேன். மணி அடித்த பிறகுதான் இறங்கிப் பேருந்துக்குப் போனேன்.  கல்நெஞ்சன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். நான் போனபோது வீட்டு வாசலில் கம்பெனி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தெருக்கோடி வரைக்கும் மிதிவண்டிகள். நான் மிதிவண்டிகளை எண்ணத் தொடங்கினேன். முப்பத்தொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது. முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அதற்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த மாதிரி நினைவுக் கட்டுரைகளில் "அவர்" என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது. அவன் எனக்கு அவன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் அவனைப் பனியன் கம்பெனியின் செக்கிங் பொறுப்பாளராக அறிவீர்கள். துணியில் ஊசி தவறிய இடத்தை எட்ட நின்றே கண்டுபிடிப்பவன், தவறு செய்த ஆளை மற்றவர் முன்னால் திட்டாதவன் என்று சொல்வீர்கள். அவன் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவன் என்பது சிலருக்குத்தான் தெரியும். அறுபதுகளில் கோயம்புத்தூரில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். எல்லாத் தாள்களிலும் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினான். ஒரே ஒரு தாளில் தோற்றான். அதன் பெயர் மெஷர் தியரி. தமிழில் அளவைக் கோட்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கோட்டுத் துண்டின் நீளம் என்ன என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தத் துண்டில் முடிவில்லாத எண்ணிக்கையில் புள்ளிகளைப் பிடுங்கி எறிந்த பிறகு, மிச்சமிருப்பதற்கு நீளம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு பேசும் பாடம் அது.

எங்களுக்கு அதை நடத்திய ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஒரு நாள் குழந்தைவேலு எழுந்து, "இதெல்லாம் எதுக்காக வந்துதுங்க சார்? நீளம் போதாதுன்னு யாருக்குத் தோணுச்சுங்க?" என்று கேட்டான். "தேர்வில் அது வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். அவன் உட்கார்ந்தான். நான் அந்தக் குறிப்புகளை முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்தேன். ஒரு வரிகூடப் புரியாமல் தேறினேன். புரியாததை எழுத மாட்டேன் என்று அவன் தேர்வில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அந்த வருடமே அவன் அப்பா இறந்தார். தறியை மட்டும் நம்பியிருந்த குடும்பம். அவன் பனியன் கம்பெனிக்குப் போனான், நான் கல்லூரி ஆசிரியன் ஆனேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம் அவன் என் கல்லூரிக்கே தேடிக்கொண்டு வந்தான். பாடத்திட்டம் மாறுகிறது, பழைய திட்டத்தில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வருகிற ஏப்ரல்தான் கடைசித் தடவை என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அதில் தோற்றால் அத்தனை தாள்களையும் புதிதாக எழுத வேண்டும். எங்கள் துறையில் ஒரு டியூட்டர் இடம் காலியாக இருந்தது. அடுத்த ஜூன் வரை அவனுக்காக அதை நிரப்பாமல் வைத்திருப்பதாக முதல்வர் என்னிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அந்த ஒரு தாள் தேறினால் அவன் என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவான். தேறாவிட்டால் செக்கிங் மேஜைதான்.

"ஏப்பா சம்முகம், எனக்கு வாத்தியார் யாரும் வேண்டாம். ஒரு புஸ்தகம் சொல்லு. ஒண்ணுமே தெரியாதவன் தனியா உக்காந்து படிக்கறாப்பல இருக்கோணும்."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் நான் கல்லூரி ஆசிரியன், கழுத்துப்பட்டி வேறு கட்டியிருந்தேன். எழுந்து நூலகத்துக்கு அழைத்துப் போனேன். அலமாரியில் இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை எடுத்தேன். பெரிய பேராசிரியர்கள் எல்லோரும் மரியாதையோடு பெயர் சொல்லும் புத்தகம். அதன் முன்னுரையை மட்டும் நான் ஒரு முறை படித்திருந்தேன். "இதுதான். இதைப் படித்துவிட்டால் வேறு எதுவுமே தேவையில்லை" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நீ முழுசாப் படிச்சிருக்கறயா?"

"பின்னே?" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு மாதம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். காலையில் கம்பெனிக்குப் போகும்முன் இரண்டு மணி நேரம் படிப்பான் என்று அவன் மனைவி சரசு சொல்வார். முதல் பக்கத்திலேயே "ஒரு வெளியை எடுத்துக்கொள்வோம்" என்று ஆரம்பிக்கும் புத்தகம் அது. எந்த வெளி, எதற்காக என்று சொல்லாது. அவனை வழியில் பார்க்கும்போதெல்லாம், "எப்படிப் போகிறது?" என்று கேட்பேன். "போகுதுப்பா" என்பான். அவன் முகம் இளைத்துக்கொண்டு வந்தது. கஷ்டமான பாடம், அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கம்பெனிக்கு வரச்சொன்னான். விடுமுறை நாள், யாரும் இல்லை. செக்கிங் மேஜையில் ஒரே அளவுக்கு வெட்டிய நான்கு பனியன் துணித் துண்டுகளை விரித்து வைத்திருந்தான். இரண்டு துண்டுகள் மற்றவற்றைவிடச் சிறுத்திருந்தன. ஒன்று கோணிக்கொண்டு கிடந்தது. எந்த மில் நூல் வந்தாலும் அதன் சீட்டில் எழுதியிருப்பதை அவன் நம்ப மாட்டான். அந்த நூலில் ஒரு கை அகலம் பின்னச் சொல்லி, மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு, பிறகுதான் நல்லது கெட்டது சொல்வான். முதலாளி காதர் பாய் அவன் பேச்சைக் கேட்காமல் ஒரு கோன் நூல்கூட வாங்குவதில்லை.

"நூலுக்கு இத்தன பாக்கறேன். புஸ்தகத்துக்குப் பாக்காம உட்டுட்டேன் பாரு" என்றான். "உங்கிட்ட இந்தப் பாடத்துல இருக்கற எல்லாப் புஸ்தகத்தையும் கொண்டா. துவைச்சுப் பாத்தர்லாம்."

அந்தப் பெரிய புத்தகம் போக, நூலகத்தில் மலிவு விலை ருஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது. தேர்வுக்கென்று யாரோ அச்சடித்து விற்ற வழிகாட்டி ஒன்று இருந்தது. நான்காவதாக, கோயம்புத்தூர் பழைய புத்தகக் கடையில் எப்போதோ நான் வாங்கிய, மேலட்டை போன ஒரு மெல்லிய புத்தகம். பள்ளிக்கூடப் பாடம் போல மூன்று அத்தியாயம் முழுக்க நேர்கோட்டை விட்டு நகராமல் பேசிக்கொண்டிருக்கும். சக ஆசிரியர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று வீட்டு அலமாரியில் மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எண்ணிக்கைக்காக அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் செய்தது இதுதான். ஒரு ஞாயிறன்று ஒரு புத்தகத்தின் முதல் இருபது பக்கத்தைக் குறிப்பு எடுக்காமல் படிப்பது. பிறகு அதைத் தொடாமல் ஒரு வாரம் வேலைக்குப் போவது. அந்த வாரம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவர் டேபிள் தையல் மெஷின்களின் சத்தம், ஆர்டர் அவசரம், வெளுப்புக்குப் போன துணி திரும்பி வரவில்லை என்ற ரகளை, எல்லாம் தலையில் ஓடிய பிறகு அடுத்த ஞாயிறு உட்கார்ந்து, மிச்சமிருப்பதை ஒரு தாளில் எழுதுவது. அந்த வாரம்தான் அவன் கணக்கில் சலவை. தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது நான்கு வாரத்தை இப்படிச் செலவழிப்பது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னேன். "தப்பான நூல்ல ஆயிரம் டஜன் போட்டு முடிக்கறதுக்கு நாலு வாரம் சும்மா இருக்கலாம்" என்றான்.

நான்காவது வாரம் தாள்களைக் காட்டினான். என்னுடைய பெரிய புத்தகத்தில் மிச்சம் இரண்டு வரி, இரண்டும் தப்பு. ருஷ்யப் புத்தகத்தில் அரைப் பக்கம், ஆனால் எதற்குப் பின் எது என்பது கலைந்துபோயிருந்தது. வழிகாட்டி முழுப் பக்கம் மிச்சம் வைத்திருந்தது, எழுத்துப் பிசகாமல். "இதுதாப்பா பெரிய மோசம். எல்லாமே இருக்குது, ஒண்ணும் எனக்குத் தெரியல. நீ பாஸ் பண்ணுனது இப்படித்தானே?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். மெல்லிய புத்தகத்தின் தாளில் மூன்றே வரி. அதற்குக் கீழே ஒரு கேள்வி. புத்தகத்தில் இல்லாத, அவனே கேட்டுக்கொண்ட கேள்வி. பின்னங்கள் எல்லாவற்றையும் கோட்டிலிருந்து எடுத்துவிட்டால் நீளம் குறையுமா?

"மத்த மூணும் பதிலா மிச்சம் வெச்சுது. இது ஒண்ணுதான் கேள்வியை மிச்சம் வெச்சிருக்குது. இதையே படிக்கறேன்" என்றான்.

பாடத்திட்டத்தில் பாதி அதில் இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். வழிகாட்டியை மனப்பாடம் செய், நான் செய்யவில்லையா என்றேன். வீட்டுக்குப் போய்ச் சரசுவிடமும் சொன்னேன். அவர், "நானும் சொல்லிப் பாத்துட்டேனுங்கண்ணா. மொகம் தெளிஞ்சிருக்குது, இனி அவரை அதுல இருந்து பிரிக்க முடியாதுங்க" என்றார். உண்மைதான், முகம் தெளிந்திருந்தது. ஜூன் மாதமே அந்தப் புத்தகம் அவன் கைக்கு வந்திருந்தால் ஏப்ரலுக்குள் அதை முடித்து, மற்றதையும் எட்டிப் பிடித்திருப்பான். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வுக்கு இரண்டு வாரம் விடுப்புக் கேட்டபோது காதர் பாய், "பாஸ் பண்ணீட்டு எங்களை உட்டுட்டுப் போயிருவீங்களாக்கும்?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, போகும்போது போட்டுக்கொள்ள ஒரு புதுச் சட்டைத்துணியும் கொடுத்தனுப்பினாராம். ஏப்ரலில் எழுதினான். மூன்று கேள்விக்கு முழுசாக எழுதினேன், மற்றது நான் படித்த இடத்துக்கு அப்பால் இருந்தது என்றான். முடிவு வந்தது. ஆறு மதிப்பெண்ணில் போயிற்று.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். செய்தித்தாளைச் சுருட்டி மடியில் வைத்திருந்தான். மறு கூட்டலுக்குப் போடலாம், முதல்வரிடம் இன்னும் ஒரு வருடம் கேட்கலாம் என்று வாய்க்கு வந்ததை நான் பேசிக்கொண்டே போனேன். அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"சம்முகம், அந்தப் பெரிய புஸ்தகத்தை நீ படிச்சதில்லைன்னு எனக்குத் தெரியும்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பக்கமே பிரியாம ஒட்டிக்கிட்டு இருந்துது. முன்னுரை தாண்டி எல்லாம் நாந்தான் கம்பெனிக் கத்தரியில வெட்டி வெட்டிப் பிரிச்சேன். அந்தப் புஸ்தகம் நூலகத்துல ஒண்ணே ஒண்ணுதானே இருந்துது."

அந்தக் காலத்தில் சில வெளிநாட்டுப் புத்தகங்கள் அப்படித்தான் வரும். அச்சடித்த தாளை மடித்தபடியே தைத்திருப்பார்கள், படிப்பவர்தான் ஓரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

"அன்றைக்கே தெரிந்துவிட்டதா? பிறகு ஏன் ஆறு மாதம் அதையே கட்டிக்கொண்டு அழுதாய்?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. யார் மீது என்று இப்போதும் தெரியவில்லை.

"நீ பாஸ் பண்ணுனவன். படிக்காட்டியும் நல்லது கெட்டது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." டீக்குக் காசை எடுத்து வைத்தான். "தெரியாதுன்னு சொல்லியிருந்தீன்னா ரெண்டு பேரும் சேந்து தேடியிருப்பம்ப்பா. அவ்வளவுதான். எந்திரி, பஸ்ஸு வந்துருச்சு."

அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ் ஏறினோம், எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் வாங்கினான். டியூட்டர் இடத்துக்கு வேறொருவர் வந்தார், நல்ல மனிதர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இத்தனை வருடமும் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தோடு அவன் அந்தப் பாடத்தைத் தலைமுழுகியிருப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் மிதிவண்டி மணி கேட்டது. கையில் மெல்லிய புத்தகம். "அஞ்சாவது அத்தியாயம் புரியல. உனக்கும் புரியாதுன்னு தெரியும். வா, கம்பெனிக்குப் போலாம்." அப்படி ஆரம்பித்தது. ஆர்டர் நெருக்கடி இருந்தால் மாதக் கணக்கில் நின்றுபோகும். நான்கு வருடத்தில் முதலிலிருந்து தொடங்கி ஆறு அத்தியாயம் முடித்தோம். ஆமை எங்களைப் பார்த்திருந்தால் சிரித்திருக்கும்.

பின்னங்களைப் பற்றிய அவன் கேள்விக்கு விடை கிடைத்த ஞாயிறு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோட்டில் இருக்கும் பின்னங்கள் முடிவில்லாதவை. ஆனாலும் முதல் பின்னத்தை ஒரு சிறு துண்டால் மூடி, அடுத்ததை அதில் பாதியால் மூடி, அதற்கடுத்ததை அதிலும் பாதியால் மூடிக்கொண்டே போனால், மூடிய துண்டுகளின் மொத்த நீளம் நாம் எவ்வளவு சிறிய அளவை நினைத்தாலும் அதற்குள் அடங்கிவிடும். அதாவது, அத்தனை பின்னங்களுக்கும் சேர்த்து நீளம் பூஜ்யம். அவன் மேஜையில் கிடந்த துணியைப் பார்த்தான். "முடிவே இல்லாத ஓட்டைங்கப்பா. அத்தனைக்கும் ஒட்டுப் போட ஒரு சாண் துணி போதுங்கறான். அரைச் சாண் குடுத்தாலும் போதுங்கறான்!" என்று மேஜையைத் தட்டினான். "நம்ம ஆளுககிட்டச் சொன்னா என்னை ஊட்டுக்கு அனுப்பிருவாங்க." வகுப்பில் எட்டு வருடமாக நான் அந்தத் தேற்றத்தை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. சொன்னேன். "தெரியுமே" என்றான்.

மூன்றாம் நாள் சடங்கு முடிந்து உட்கார்ந்திருந்தபோது சரசு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆறாம் அத்தியாயம் முடிந்த இடத்தில் ஒரு நூல் சீட்டு செருகியிருந்தது. அவர் அதுவரை அழுதுகொண்டிருந்தவர். அப்போது அழவில்லை.

"இதைய முடிச்சே ஆகோணும்னு சொல்லீட்டே இருந்தாருங்க. இன்னும் எத்தன பக்கம் இருக்குதுங்கண்ணா?"

பார்த்தேன். "நாற்பது பக்கம் இருக்குது அம்மிணி."

"நீங்க ஒருத்தரே படிச்சா வெளங்குமுங்களா?"

படித்துவிடுவேன், கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். துக்க வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையே அம்மிணி" என்றேன்.

அவர் தலையசைத்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் எழுந்துபோகவில்லை. எங்களுக்கு நடுவில் புத்தகம் இருந்தது.

அவனுடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். புத்தகம் முதலிலிருந்தே என்னுடையது. அவன் கையெழுத்துத் தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு அவன் கற்றுக்கொடுத்தான், சொல்லிவிட்டு எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கவும் கற்றுக்கொடுத்தான். அது ஒன்றுதான் இருக்கிறது. சேர்ந்து தேட ஆள்தான் இல்லை.